லாரிக்குக் காய்ச்சல்

எங்கள் கோணக்கரிசல்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நாங்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். பெரியவர்கள் ஒன்று சொன்னால் அதை அப்படியே செய்வோம். கூட்டவும் மாட்டோம், குறைக்கவும் மாட்டோம். சீனிச்சாமி தன் கல்யாணத்துக்குக் காரட் வாங்கப் போன கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சீனிச்சாமிக்குச் சுண்டங்குறிச்சி ஆவுடையப்பன் மகள் செண்பகக்கனியைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணம் பெண்ணின் ஊரில், அம்மன் கோயில் மண்டபத்தில். ஆவுடையப்பன் கறாரான மனிதர். "பந்தியில ஊட்டிக் காரட்டும் ஊட்டிக் கோசும்தான் போடணும். காய்கறிக்கு மாப்பிள்ளைதான் பொறுப்பு" என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டார்.

கோவில்பட்டி மார்க்கெட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் ஊட்டிக் காரட் கொடுப்பார்கள். வேறு ஊர்க்காரனாக இருந்தால் சைக்கிளில் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருப்பான். எங்கள் ஆட்கள் அப்படி ஏய்க்கிறவர்கள் இல்லை. ஊட்டிக் காரட் என்றால் ஊட்டிக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை பொறுப்பு என்றால் மாப்பிள்ளையும் கூடப் போக வேண்டும். ஆகவே கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் லாரியைக் கிளப்பினார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கனிக்கு மாரித்துரை என்று ஒரு மாமன் மகன் உண்டு. பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்தே அவன் ஒரு பட்டு வேட்டியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டிருந்தான். "மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு வந்து சேரலைன்னா மணையில மாரித்துரையை உக்கார வச்சிருவேன், பாத்துக்கோங்க" என்று ஆவுடையப்பனும் சொல்லியிருந்தார்.

கனி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கதவோரமாக நின்று, "வந்துருவீங்கள்ல?" என்றாள். "வந்துருவேன்" என்றான் சீனிச்சாமி. அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லை மறந்துவிடக் கூடாதே என்று குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் "வந்துருவேன், வந்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தான். அவ்வளவு ஆசை அவள் மேல்.

லாரி, சீனிச்சாமியின் தாய்மாமன் பூவலிங்கத்துடையது. முன்னால் மூக்கு நீண்ட பழைய டீசல் லாரி. பூவலிங்கம்தான் ஓட்டுவார். கிளீனர் ஒச்சப்பன். யோசனை சொல்வதற்கு மாடக்கண்ணு. லாரிக்கு எதற்கு யோசனை சொல்ல ஓர் ஆள் என்று கேட்காதீர்கள். மாடக்கண்ணு இல்லாமல் எங்கள் ஊரில் கிணற்றில் வாளிகூட இறங்காது.

கிளம்பும் வழியில் கோவில்பட்டி தாவீது மேஸ்திரியின் பட்டறையில் நிறுத்தினார்கள். அவர் இஞ்சினைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே புத்தி சொன்னார்.

"இது மார்கழி மாசம். மலையில காலையில குளிர் கொன்னுடும். இஞ்சின் கிளம்பாது. கிளம்பினாலும் உடனே எடுத்துப் பறக்காதீங்க. கொஞ்சம் ஓடவிட்டு, உடம்புல சூடு ஏறினப்புறம் மெதுவா எடுங்க. பச்சப்பிள்ளை மாதிரி பாத்துக்கணும், ஆமா."

நாலு பேரும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்கள். போகும் வழியெல்லாம் இதே பேச்சுதான்.

"பச்சப்பிள்ளைன்னா எத்தன மாசத்துப் பிள்ளை?" என்றார் பூவலிங்கம்.

"மேஸ்திரி அதைச் சொல்லலியே அண்ணே" என்றான் மாடக்கண்ணு. "நாம எதுக்கும் பிறந்த பிள்ளைன்னே வச்சுக்குவோம். தப்பு வராது."

மாடக்கண்ணுக்கு அஞ்சு பிள்ளைகள். அஞ்சையும் வளர்த்தது அவன் பெண்டாட்டி. ஆனால் அவள் வளர்ப்பதை அவன் கயிற்றுக்கட்டிலில் படுத்தபடி உன்னிப்பாகக் கவனித்திருக்கிறான். ஆகவே பிள்ளை வளர்ப்பில் அவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

சாயங்காலம் ஊட்டியைத் தாண்டி ஒரு காரட் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டக்காரர் போஜன் நல்ல மனிதர். காரட், கோசு, பீன்ஸ் எல்லாம் மூட்டை கட்டி ஏற்றிக் கொடுத்தார். பொறுப்புள்ள மாப்பிள்ளை ஒவ்வொரு மூட்டையின் மேலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தான். பிறகு நாலு பேரும் முன்பக்கக் கேபினில் நெருக்கியடித்துக்கொண்டு தூங்கினார்கள்.

விடிந்ததும் முதலில் இறங்கியவன் ஒச்சப்பன். இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். புல்வெளி முழுக்க வெள்ளை வெளேர் என்று கிடந்தது.

"அண்ணே! இங்க உப்பளம் இருக்கு! நேத்து யாரும் சொல்லவே இல்ல!"

நாங்கள் தூத்துக்குடிச் சீமைக்காரர்கள். பனி உறைந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் உப்பைத் தெரியாதா எங்களுக்கு? எல்லாரும் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். பூவலிங்கம் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டார்.

"கரிக்கலியேப்பா."

மாடக்கண்ணு கண்ணை மூடி யோசித்தான். "இந்தக் குளிர்ல நாக்கு மரத்துப்போயிருக்கும் அண்ணே. மரத்த நாக்குக்கு எப்படி ருசி தெரியும்? ஊருக்குப் போனா கரிக்கும்."

கல்யாணச் சமையல்காரர் ஒரு மூட்டை உப்பும் கேட்டிருந்தார். கண்ணெதிரே கொட்டிக் கிடப்பதை விட்டுவிட்டு யாராவது கடைக்குப் போவார்களா? சாக்கை விரித்து, விரல் விறைக்க விறைக்க வழித்து அள்ளி நிரப்பி, வாயைத் தைத்து, காரட் மூட்டைக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். போஜன் பல் விளக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார். பல்குச்சி வாயிலிருந்து விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அடுத்தது இஞ்சின். பூவலிங்கம் சாவியைத் திருப்பினார். கர்... கர்... என்று முனகிவிட்டு அடங்கிவிட்டது.

"தூங்குற பிள்ளையை இப்படியா எழுப்புறது?" என்று மாடக்கண்ணு பதறினான். "பயந்துருமில்ல? முதல்ல குளிப்பாட்டணும். அப்புறம் சாம்பிராணி போடணும். என் வீட்டுல அப்படித்தான்."

போஜன் வீட்டு அடுப்பில் அண்டா அண்டாவாக வெந்நீர் காய்ந்தது. பானட்டைத் திறந்து, ஒச்சப்பன் பதமாகத் தண்ணீர் ஊற்ற, சீனிச்சாமி தேய்த்துவிட்டான். கண்ணில் தண்ணீர் படாமல் இருக்க ஹெட்லைட் இரண்டையும் பூவலிங்கம் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பிறகு துண்டால் துவட்டினார்கள். ஒரு பெரிய இரும்புச் சட்டி நிறையக் கரி நெருப்பு போட்டு, சாம்பிராணியைத் தூவி, இஞ்சினுக்கு நேர் கீழே தள்ளினார்கள். திருஷ்டி படக் கூடாது என்று மூக்கின் இடது பக்கத்தில் கிரீஸால் கறுப்புப் பொட்டு வைத்தார்கள்.

"பாட்டு?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"பாட்டு தூங்க வைக்கப் பாடுறது. எழுப்புறப்ப பாடினா பிள்ளை குழம்பிரும்" என்றான் மாடக்கண்ணு. அஞ்சு பிள்ளை பெற்றவன் என்றால் சும்மாவா?

நெருப்புச் சட்டி கனிந்து, சாம்பிராணிப் புகை கேபினுக்குள் ஏறியதும் பூவலிங்கம் "ராசா, எழுந்திரு ராசா" என்று சாவியைத் திருப்பினார். கர்... கர்... தட்... தடதடதடவென்று இஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் குழாயிலிருந்து கரும்புகை குப்பென்று வந்தது.

"ஏப்பம் விட்டுருச்சு! ஏப்பம் விட்டுருச்சு!" என்று ஒச்சப்பன் ஓடிப்போய் டீசல் டாங்கியைத் தட்டிக் கொடுத்தான்.

"அடியில நெருப்பு வச்சதால ஆயில் இளகியிருக்கு, அதான்" என்றார் போஜன். எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விவரம் தெரியாத மனிதர், பாவம், சாம்பிராணியின் மகிமை அவருக்கு என்ன தெரியும்?

இப்போது உடம்பில் சூடு ஏற வேண்டும். சூட்டைக் காட்ட லாரியில் ஒரு முள் இருந்தது. ஆனால் அது வாங்கின நாளிலிருந்து ஒரே இடத்தில் நின்றது. வெயிலோ மழையோ, அது தன் கருத்தை மாற்றிக்கொண்டதே இல்லை. ஆகவே பிள்ளைக்குப் பார்ப்பது போலவே நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. பானட்டைத் தவிர லாரிக்கு வேறு நெற்றி ஏது?

"சூடா இருக்கு" என்றான் சீனிச்சாமி. அவன் கை விறைத்துப் போயிருந்தது.

"ஐஸ் மாதிரி இருக்கு" என்றான் ஒச்சப்பன். அவன் அப்போதுதான் டீ கிளாஸைக் கீழே வைத்திருந்தான்.

"ஒண்ணும் தெரியல" என்றார் பூவலிங்கம். அவர் கையுறையைக் கழற்றவில்லை.

இது பெரிய வழக்காகிவிட்டது. யார் கை சரியான கை? ஒரே லாரிக்கு ஒரே நேரத்தில் மூன்று சூடு இருக்க முடியுமா? நெடுநேரம் வாதம் நடந்தது. சீனிச்சாமிதான் தவித்தான். "மாமா, நாளைக்குக் காலையில முகூர்த்தம். மாரித்துரை வேட்டியோட நிக்கிறான். சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க மாமா."

"அதுக்காகப் பிள்ளை உயிரோட விளையாட முடியுமா மாப்ளே?" என்றார் பூவலிங்கம் கண்டிப்பாக.

போஜன் பொறுமையிழந்து குறுக்கே வந்தார். "அட, வண்டியை எடுங்க சாமி. போகப் போகத் தன்னால சூடாகிடும்."

"உங்க வீட்டுப் பிள்ளைன்னா இப்படிச் சொல்வீங்களா?" என்று கேட்டான் மாடக்கண்ணு. போஜன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் மாடக்கண்ணுதான் வழி கண்டுபிடித்தான். கீழே ஒரு சுகாதார நிலையம் இருந்தது. அங்கே ரோஸ்லின் என்று ஒரு நர்ஸம்மா. மாடக்கண்ணு மூச்சிரைக்க ஓடிப்போய், "பிள்ளைக்குச் சூடு பாக்கணும்மா, அந்தக் கண்ணாடிக் குச்சி குடுங்க" என்றான். அந்த அம்மாளும், பாவம், குளிர்காலம் ஆயிற்றே என்று தெர்மாமீட்டரைக் கொடுத்து, "அம்புக்குறி போட்டிருக்கற இடத்துல பாதரசம் நின்னா பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. அதுக்கு மேல போனா காய்ச்சல். உடனே ஈரத்துணி போடுங்க. நான் கையில இருக்கற வேலையை முடிச்சிட்டு வந்து பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், நாக்கு இல்லாததால் ரேடியேட்டர் மூடிக்கு அடியில் செருகினார்கள். பாதரசம் அம்புக்குறியைத் தாண்டி, மேலே போக இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது.

நாலு பேரும் குனிந்து மறுபடி பார்த்தார்கள்.

"காய்ச்சல்" என்றான் மாடக்கண்ணு மெல்லிய குரலில்.

"ஐயோ, காலங்காத்தால தலைக்குத் தண்ணி ஊத்தினது நீதானடா!" என்று பூவலிங்கம் ஒச்சப்பன் மேல் பாய்ந்தார். "பிறந்த பிள்ளைக்கு இந்தக் குளிர்ல யாராவது தலைக்கு ஊத்துவாங்களா?"

உடனே இஞ்சினை நிறுத்திப் படுக்க வைத்தார்கள். எங்கள் ஊரில் லாரியைப் படுக்க வைப்பது என்றால் நாலு சக்கரத்துக்கும் கல் கொடுப்பது. நாலு பேரின் துண்டும் நனைந்து பானட்டின் மேல் ஏறியது. சீனிச்சாமி விசிறினான். மலைக்காற்று வேறு வீசிக்கொண்டிருந்ததால் இஞ்சின் விரைவிலேயே ஆறிவிட்டது. தெர்மாமீட்டரை உதறி மறுபடி வைத்தார்கள். பாதரசம் அம்புக்குறிக்கு நேராக வந்து நின்றது.

"காய்ச்சல் விட்டிருச்சு!" சீனிச்சாமி அழுதேவிட்டான். "வாங்க மாமா, கிளம்புவோம்."

பூவலிங்கம் சாவியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். "ஆனா மேஸ்திரி சூடு ஏறினப்புறம்தான் எடுக்கணும்னாரே."

உண்மைதான். மேஸ்திரி பேச்சைத் தட்ட முடியுமா? மறுபடி வெந்நீர், இந்தத் தடவை கழுத்துக்குக் கீழே மட்டும். மறுபடி சாம்பிராணி. மறுபடி தடதடதட. கொஞ்ச நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்தார்கள். பாதரசம் உச்சியில் முட்டியது. மறுபடி காய்ச்சல். மறுபடி ஈரத்துணி.

இப்படியே பொழுது உச்சிக்கு ஏறியது. புல்லில் உப்பு மறைந்துபோனதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. சூடாக இருந்தால் காய்ச்சல், போக முடியாது. காய்ச்சல் விட்டால் சூடு இல்லை, போகக் கூடாது. நான் அன்று முதல் இன்று வரை யோசித்துப் பார்க்கிறேன், அவர்கள் செய்ததில் எங்கே தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை.

சீனிச்சாமி காரட் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ இருக்கும் சுண்டங்குறிச்சியைப் பார்த்து, "வந்துருவேன் கனி, பிள்ளைக்கு மட்டும் சரியாகட்டும், வந்துருவேன்" என்று தேம்பினான்.

அந்த நேரத்தில்தான் ரோஸ்லின் நர்ஸம்மா மருந்துப் பையோடு மேடேறி வந்தாள். ஈரத்துணியும் அழுகையும் விசிறியும் பார்த்ததும் அவளுக்குப் பதற்றமாகிவிட்டது.

"பிள்ளை எங்க?"

நாலு பேரும் லாரியைக் காட்டினார்கள். அவள் கேபினுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள யாரும் இல்லியே?"

"பிள்ளையே இதுதானம்மா" என்றார் பூவலிங்கம்.

நர்ஸம்மா லாரியைப் பார்த்தாள். மூக்கிலிருந்த திருஷ்டிப் பொட்டைப் பார்த்தாள். ரேடியேட்டர் மூடிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த தன் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். வீட்டு ஜன்னல் வழியாகப் போஜன் அவளைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார்.

"எத்தன வயசு?" என்றாள் கடைசியில்.

"இந்த ஆடி வந்தா இருபத்தஞ்சும்மா."

"எடை?"

"வெறும் வயித்துல ஆறு டன் இருப்பான். இப்ப காரட் சாப்பிட்டிருக்கான்" என்றான் மாடக்கண்ணு.

அந்த அம்மாள் கெட்டிக்காரி. இவர்களோடு வாதாடினால் தன் தெர்மாமீட்டர் ஊர் திரும்பாது என்று கண்டுகொண்டாள். பானட்டில் கை வைத்துப் பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டு, கண்டிப்பான குரலில் சொன்னாள்.

"பிள்ளைக்கு இந்த ஊர்க் குளிர் ஆகல. உடனே உங்க ஊருக்குக் கொண்டு போங்க. வழியில எங்கயும் நிக்கக் கூடாது. உங்க வீட்டு வாசல்ல போய்த்தான் நிக்கணும். தெரியுதா? வீட்டு வாசல்லதான்!"

தெர்மாமீட்டரைப் பிடுங்கிக்கொண்டு அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

பிறகென்ன, லாரி கிளம்பிவிட்டது. காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா? கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக, மெதுவாக இறங்கினார்கள். நிற்க மட்டும் இல்லை. நாலு பேருக்கும் ஓடும் வண்டியிலேயே சாப்பாடு. ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில், ரயில் போகும் வரை பக்கத்துப் பொட்டலில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து டீயாகக் குடித்திருந்த ஒச்சப்பன் பட்ட பாட்டை நான் விவரிக்கப் போவதில்லை.

மறுநாள் காலை. சுண்டங்குறிச்சி அம்மன் கோயில் மண்டபம். முகூர்த்த நேரம் முடியப் போகிறது. பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு மாரித்துரை மணையில் உட்கார்ந்தேவிட்டான். ஆவுடையப்பன் மாலையைக் கையில் எடுத்துவிட்டார். கனி மட்டும் தலை நிமிர்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தடதடதடவென்று லாரி வந்தது. காரட் மூட்டை மேல் சீனிச்சாமி எழுந்து நின்று, "வந்துட்டேன்! வந்துட்டேன்!" என்று கத்தினான். கூட்டம் ஆரவாரித்தது. லாரி மண்டபத்தின் முன்னால் வந்து, மண்டபத்தைக் கடந்து, போய்க்கொண்டே இருந்தது.

கோயிலைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது.

"இறங்குங்க மாப்ளே! நேரமாச்சு!" என்று கத்தினார் ஆவுடையப்பன்.

"வீட்டு வாசல்லதான் நிக்கணும்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க மாமா! பிள்ளைக்கு..." லாரி கடந்துவிட்டது.

"பிள்ளையா? எந்தப் பிள்ளை? யார் பிள்ளை?" ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்தது. அடுத்த சுற்று வரை மண்டபம் முழுக்க இதே கேள்விதான்.

"...காய்ச்சல்! லாரிப் பிள்ளைக்கு!" என்று மீதியைச் சொன்னான் சீனிச்சாமி. ஆவுடையப்பன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"குதிச்சிருங்க மாப்ளே!"

"ஓடுற வண்டியில ஏறவோ இறங்கவோ கூடாதுன்னு பூவலிங்க மாமா லாரிக்குப் பின்னால எழுதி வச்சிருக்காரு!"

முதலில் பொறுப்பை ஒப்படைக்க வேண்டுமே. சுற்றுக்கு ஒரு மூட்டையாகக் காய்கறியை உருட்டிவிட்டான். பீன்ஸ் மூட்டை சரியாக மாரித்துரையின் மடியில் விழுந்தது. கடைசியாக உப்பு மூட்டை. சமையல்காரர் பிரித்துப் பார்த்தார். சொட்டச் சொட்ட ஈரச்சாக்கு, உள்ளே ஒன்றும் இல்லை.

மேலிருந்து எட்டிப் பார்த்த மாடக்கண்ணு அதிர்ந்துபோனான். "அடப்பாவி! எவனோ வழியில உப்பைத் திருடிட்டான்! திருடினதும் இல்லாம சாக்கைத் துவைச்சு வச்சிட்டுப் போயிருக்கான் பாருங்க!"

"அந்த மட்டுக்கும் சுத்தமான திருடன்" என்றான் ஒச்சப்பன்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான்! இந்தக் கூத்தெல்லாம் எனக்கு வேண்டாம். மாரித்துரை, நீ தாலியை எடு!" என்று கூச்சல் போட்டார் ஆவுடையப்பன்.

மாரித்துரை கை நீட்டினான். தட்டில் தாலி இல்லை. அதைக் கனி எடுத்துக்கொண்டு மண்டபத்தை விட்டு இறங்கி, லாரி வரும் தடத்தின் ஓரமாகப் போய், கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து நின்றுவிட்டாள். முன்பின் யோசிக்காமல் அவள் செய்த இந்தக் காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

சீனிச்சாமி லாரியின் பின்தட்டிலிருந்து கேபின் படிக்கு இறங்கி, ஒரு கையால் கதவைப் பிடித்துத் தொங்கினான். பூவலிங்கம் லாரியை ஆமை போல நகர்த்தினார். கெட்டிமேளம் முழங்கியது. ஒரு முடிச்சு விழுந்தது, லாரி கடந்துவிட்டது. மேளம் நின்றது. லாரி கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்தது. மேளம் முழங்கியது. இரண்டாவது முடிச்சு. மேளம் நின்றது. மூன்றாவது சுற்றில் சீனிச்சாமி பல்லாலும் கையாலும் மூன்றாவது முடிச்சைப் போட்டு இறுக்கினான். அட்சதை போட்டவர்கள் லாரியோடு கூடவே ஓடிப் போட்டார்கள்.

"அக்கினியை வலம் வரணுமே?" என்று ஆவுடையப்பன் முனகினார்.

"வந்தாச்சு" என்றார் பூசாரி. "அக்கினி, அம்மன், அடுப்படி, ஆட்டுக்கல், அம்புட்டையும் சேத்து வந்தாச்சு. போதும்."

லாரி அதே ஆமை வேகத்தில் கோணக்கரிசலைப் பார்த்துப் போய்விட்டது, மாப்பிள்ளையோடு.

சாயங்காலம், சாப்பிட்டு முடித்து, பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். நாதஸ்வரம், தவில், சீர் தட்டு, வாணவேடிக்கை எல்லாம் உண்டு. சீனிச்சாமி வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும், நாலு பேர் வாயில் விரலை வைத்துக்கொண்டு குறுக்கே ஓடி வந்தார்கள்.

"உஷ்ஷ்! சத்தம் போடாதீங்க! இப்பத்தான் வந்து நின்னு, லேசாக் கண் அசந்திருக்கான்!"

வாசலில் லாரி நின்றது. ஊர்வலம் முழுக்கக் கால் விரலில் நடந்தது. நாதஸ்வரக்காரர் கன்னத்தை மட்டும் உப்ப வைத்து, ஊதாமல் வந்தார். தவில்காரர் காற்றில் அடித்தார். சீனிச்சாமியின் அம்மா குசுகுசுவென்று குலவையிட்டபடி ஆரத்தித் தட்டோடு வந்து நின்றாள்.

வலது காலை எடுத்து வைக்கப் போன கனி, லாரியின் பக்கத்தில் நின்றாள். மூக்கிலிருந்த பொட்டைப் பார்த்தாள். மெல்லக் கை நீட்டி, பானட்டின் மேல் புறங்கையை வைத்தாள். ராத்திரி பகலாக நிற்காமல் ஓடி வந்த லாரி.

"ஐயையோ!" என்றாள். "பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது! நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டா நிக்கிறீங்க?"

சொன்ன கையோடு முகூர்த்தப் புடவையின் முந்தானையை ஆரத்தித் தட்டில் நனைத்து, பிழிந்து, பானட்டின் மேல் விரித்தாள்.

சீனிச்சாமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தப் பெண்ணை மாரித்துரைக்கு விட்டுக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும், ஓர் எட்டு வைத்து அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"இந்த ஊர் வெக்கைதான் பிள்ளைக்கு ஆகல" என்றாள் கனி. "காய்ச்சல்காரப் பிள்ளையைக் குளிர்ச்சியான ஊருக்குல்ல கொண்டு போகணும்? கிளப்புங்க வண்டியை!"

மாடக்கண்ணு முதல் முறையாகத் தன்னை விட யோசனைக்காரர் ஒருவரைப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பின்னால் ஏறிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே பெண்ணும் மாப்பிள்ளையுமாக லாரி மறுபடி ஊட்டிக்குக் கிளம்பியது. உப்பு அள்ளுவதற்கு ஒச்சப்பன் புதுச் சாக்குகளும், திருடனுக்கு ஒரு கம்பும் எடுத்து வைத்தான். போன தடவை பட்ட குளிர் ஞாபகம் இருந்ததால், சீனிச்சாமியின் அம்மா வீட்டிலிருந்த ஒரே கம்பளியையும் மறக்காமல் கொடுத்தனுப்பினாள்.

லாரிக்குத்தான்.